தொழிற்பூங்காவுக்குள் அலுவலகம்: எந்த விதியை எழுதுவது?

ஒரு தொழிற்பூங்காவில் ஒரு ஷெட் எட்டு மாதமாகக் காலியாகக் கிடக்கிறது. முன்பு உள்ளே பிரஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் நின்ற இடத்தில் இப்போது நான்கு போல்ட் துளைகளும் ஒரு எண்ணெய்க் கறையும்தான் மிச்சம். இடத்துக்காரரிடம் ஒரு மென்பொருள் நிறுவனம் வந்து கேட்கிறது. புகை கிடையாது, இரைச்சல் கிடையாது, லாரி வராது. பட்டறைக்காரர் கொடுத்ததைவிட வாடகையும் அதிகம். நடுவில் ஒரு மேல்தளம் போட்டு, முன்பக்கம் கண்ணாடி வைத்தால் 200 பேர் உட்காரலாம். அனுமதி கேட்டு விண்ணப்பம் மேசைக்கு வருகிறது.

மறுப்பதற்கு ஒரு காரணமும் இல்லாத மாதிரிதான் தோன்றும். அதனால்தான் பல இடங்களில் முதல் விண்ணப்பம் சுலபமாகக் கையெழுத்தாகிவிடுகிறது. பத்தாவது விண்ணப்பம் வரும்போதுதான், பூங்கா எந்தத் திசையில் போகிறது என்று கேள்வி எழும். அதற்குள் ஒன்பது பேருக்குக் கொடுத்தாகிவிட்டது, பத்தாவது ஆளுக்கு மட்டும் எப்படி இல்லை என்பது?

ஆகவே விதியை முதலிலேயே எழுதி வைத்திருக்க வேண்டும். எழுத உட்காருபவர் உள்ளாட்சி அமைப்பாக இருக்கலாம், பூங்கா நிர்வாகமாக இருக்கலாம். அவர்கள் முன்னால் இருக்கும் வழிகளை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பூங்காவை இரண்டு பகுதியாகப் பிரித்து, விளிம்பில் அலுவலகங்களைத் தாராளமாக விடுவதும், உள்பகுதியை உற்பத்திக்கென்று இறுக்கமாக வைப்பதும்தான் நல்லது என்று நினைக்கிறேன்.

பிரச்சினை எங்கே இருக்கிறது?

ஊரின் எந்தப் பகுதியில் எது வரலாம் என்று சொல்லும் மண்டல விதிகளின் தொடக்கத்தில் கவலை வேறாக இருந்தது. அமெரிக்காவில் யூக்ளிட் என்ற சிற்றூர் போட்ட மண்டல விதிகள் செல்லும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1926இல் தீர்ப்பளித்தது. அந்த விதிகள் ஏணி மாதிரி அமைந்திருந்தன. மேல்படியில் தனி வீடுகள்; அங்கே வேறு எதுவும் வரக்கூடாது. கீழே இறங்க இறங்க ஒவ்வொரு பயன்பாடாகச் சேர்ந்துகொண்டே போகும். கனரகத் தொழிலுக்கான கீழ்ப்படியில் மேலே சொன்ன எல்லாமும் வரலாம். தொழிற்சாலையிடமிருந்து வீட்டைக் காப்பாற்றுவதுதான் நோக்கம். தொழிற்சாலையை மற்றவற்றிடமிருந்து காப்பாற்றுவதற்கு அந்த ஏணியில் படியே கிடையாது.

அலுவலகம் தொழிற்சாலையை நச்சுப்புகையால் விரட்டுவதில்லை, வாடகையால் விரட்டுகிறது. ஒரே அளவு தரையில் அதிகம் பேரை உட்கார வைக்க முடிவதால் அலுவலகத்துக்கு அதிக வாடகை கட்டுப்படியாகும். பக்கத்து ஷெட்டில் என்ன வாடகை வருகிறது என்பது இடத்துக்காரருக்குத் தெரிந்த அன்றே பட்டறைக்காரரின் அடுத்த ஒப்பந்தம் மாறிவிடும். அலுவலகம் இன்னும் வரவேகூட வேண்டாம், வரலாம் என்ற வாய்ப்பு இருந்தாலே மனை விலை ஏறத் தொடங்கும்.

இரண்டாவது விஷயம் தலைகளின் எண்ணிக்கை. இங்கிலாந்தில் 2015இல் வெளியான வேலைவாய்ப்பு அடர்த்தி வழிகாட்டி ஒன்று இருக்கிறது. அதன் கணக்குப்படி பொதுவான அலுவலகத்தில் ஒருவருக்கு 10 முதல் 13 சதுர மீட்டர் ஆகும். இலகுரகத் தொழிலில் 47. பெரிய சரக்குக் கிடங்குகளில் 70 முதல் 95 வரை. 10,000 சதுர மீட்டர் கட்டடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கிடங்காக இருந்தால் அங்கே ஏறத்தாழ 105 முதல் 140 பேர் வேலை பார்ப்பார்கள். அதையே அலுவலகமாக்கினால் 770 முதல் 1,000 பேர். அதே சாலை, அதே வாசல், அதே பார்க்கிங். கிடங்கு ஊழியர்கள் ஷிப்ட் ஷிப்டாக வருவார்கள். அலுவலகக்காரர்கள் பெரும்பாலும் ஒரே நேரத்தில் வருவார்கள். காலை எட்டரை மணிக்கு அப்படிப்பட்ட ஒரு வாசலில் நின்று பாருங்கள். சரக்கு இறக்கும் மேடைக்குப் பின்பக்கமாக ஒதுங்க முயலும் நீண்ட லாரி ஒருமுறை முன்னால் போய், ஒருமுறை பின்னால் வந்து, மறுபடி முன்னால் போய்த்தான் வளைய முடியும். அந்த நேரம் முழுக்கச் சாலை அடைபட்டிருக்கும். பின்னால் இருபது கார்கள் ஹாரன் அடிக்கும். நடைபாதை இல்லாததால் பேருந்திலிருந்து இறங்கியவர்கள் லாரியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நடந்து போவார்கள். லாரி ஓட்டுநர் மீதும் தப்பில்லை, நடந்து போகிறவர்கள் மீதும் தப்பில்லை. அந்தச் சாலை அவர்கள் இருவரையும் மனதில் வைத்துப் போடப்பட்டதல்ல.

மூன்றாவது காரணத்துக்கு நான் மிகுந்த எடை கொடுக்கிறேன்: போனால் திரும்பி வராது. ஐரோப்பியக் கட்டடத் தரநெறிப்படி அலுவலகத் தளம் சதுர மீட்டருக்குத் தோராயமாக 200 முதல் 300 கிலோ சுமையைத் தாங்கும்படி கட்டப்படுகிறது. சரக்கு அடுக்கும் தளத்துக்கு 750 கிலோவுக்கு மேல் வேண்டும். ஷெட்டை இடித்துவிட்டு அலுவலகக் கட்டடம் கட்டியபின், சந்தை சரிந்தது, பட்டறைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தால் முடியாது. தரை தாங்காது, கூரை உயரம் போதாது, கிரேன் ஓடும் உத்திரம் இருக்காது, சரக்கு மேடை மூடப்பட்டிருக்கும். பட்டறையை அலுவலகமாக மாற்றுவது ஆறு மாத வேலை. மறுபக்கம் போக வேண்டுமானால் மறுபடி இடிக்க வேண்டும்.

முழுத் தடை

முதல் வழி எளிது. தனி அலுவலகம் கூடாது. தொழிற்சாலை தன் சொந்த வேலைக்கு வைத்துக்கொள்ளும் அலுவலகம் மட்டும் சரி. ஜெர்மனியின் கட்டடப் பயன்பாட்டு ஆணை 1962இலிருந்து இருந்துவருகிறது. அதில் கனரகத் தொழில் பகுதிக்கான 9ஆம் பிரிவின் பட்டியலில் அலுவலகக் கட்டடங்கள் இல்லை. வேறு எங்கும் இடம் கிடைக்காத தொழில்களுக்குத்தான் முதன்மையாக அந்தப் பகுதி என்று ஆணையே சொல்கிறது. அந்த வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்தது. எதைத் தடுக்கிறோம் என்று தொடங்காமல் யாருக்காக இந்த இடம் என்று தொடங்குகிறது.

முழுத் தடையின் பலம், மனை விலையைப் பற்றிய ஊகத்தை அது அடியோடு நிறுத்திவிடுவது. பலவீனம், உற்பத்தி என்பதன் எல்லை இப்போது மங்கிவிட்டது. ஒரு மருத்துவக் கருவி நிறுவனத்தில் பொருத்தும் மேசைகள் நான்கு இருக்கும், அவற்றைச் சுற்றி வடிவமைப்பாளர்கள் முப்பது பேர் இருப்பார்கள். அது தொழிற்சாலையா, அலுவலகமா? கடுமையான தடை இப்படிப்பட்டவர்களைத்தான் முதலில் வெளியே தள்ளும். தேவை குறைந்துபோன பழைய பூங்காக்களில் தடை மட்டும் நின்று ஷெட்கள் காலியாகவே கிடக்கும் ஆபத்தும் உண்டு.

விழுக்காட்டு வரம்பு

இது நடுவழி. நன்கு அறியப்பட்ட உதாரணம் சிங்கப்பூர். அங்கே தொழில் மண்டலங்களில் மொத்தத் தளப்பரப்பில் குறைந்தது 60 விழுக்காடு முதன்மைத் தொழிலுக்கு இருக்க வேண்டும். அலுவலகம் உள்ளிட்ட துணைப் பயன்பாடுகள் மீதி 40 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும். எண்ணாக இருப்பதால் வாதத்துக்கு இடம் குறைவு. வடிவமைப்பாளர்கள் அதிகம் வைத்திருக்கும் அந்த மருத்துவக் கருவி நிறுவனமும் கொஞ்சம் மூச்சுவிடலாம்.

ஆனால் இந்த எண்ணை வேறு ஊருக்கு அப்படியே எடுத்துக்கொண்டு போகிறவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன அடர்த்தியையே வைத்துக்கொள்வோம். 10,000 சதுர மீட்டரில் 6,000 இலகுரகத் தொழிலுக்கு என்றால் ஏறக்குறைய 128 பேர். மீதி 4,000ஐயும் முழுக்க அலுவலகமாகவே நிரப்பி, ஆளுக்கு 12 சதுர மீட்டர் என்று வைத்தால் 333 பேர். பரப்பில் 60க்கு 40. தலைக்கணக்கில் 28க்கு 72. விதியை ஒரு சதுர மீட்டர்கூட மீறாமல் அந்தக் கட்டடம் அலுவலகக் கட்டடமாகவே இயங்கும். பார்க்கிங்கும் பேருந்து வசதியும் பரப்புக் கணக்கில் திட்டமிடப்பட்டிருந்தால் முதல் வாரத்திலேயே போதாமல் போகும். அதனால் புதிதாக எழுதுகிறவர்களுக்கு என் யோசனை 40ஐவிடக் கீழே தொடங்குவது. 25 வைத்தால் இதே கணக்கில் தொழிலில் 160 பேர், அலுவலகத்தில் 208 பேர் என்று வரும். அப்போதும் அலுவலகத் தலைகளே அதிகம், ஆனால் சாலை சமாளிக்கும்.

இன்னொரு சிக்கல் வரைபடத்தில் எழுதும் பெயர்கள். ஒரு தளத்தின் வரைபடத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். ‘பயிற்சி அறை’, ‘காட்சி அறை’, ‘தரச் சோதனை’, ‘மாதிரி வைப்பறை’ என்று எழுதியிருக்கும். இவற்றில் எதுவுமே அலுவலகக் கணக்கில் சேராது. கட்டி முடித்தபின் போய்ப் பார்த்தால் ‘மாதிரி வைப்பறை’யில் வரிசையாக நாற்பது மேசைகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு கணினி, மூலையில் ஒரு அட்டைப்பெட்டி. அந்தப் பெட்டிக்குள் இருப்பவைதான் மாதிரிகள். எந்த அறை எதில் சேரும் என்பதை விதியிலேயே வரையறுக்க வேண்டும். சந்தேகம் வந்தால் மின் இணைப்பின் அளவு, தரைச் சுமை, சரக்கு லிப்ட் இருக்கிறதா என்பது போன்ற மாற்ற முடியாத அடையாளங்களைப் பார்க்க வேண்டும். கூடவே, அந்தத் துணை அலுவலகம் அதே கட்டடத்தில் நடக்கும் உற்பத்திக்கே துணையாக இருக்க வேண்டும், தனியாக வாடகைக்கு விடக்கூடாது என்ற வரியும் வேண்டும். இந்த ஒரு வரி இல்லாவிட்டால் மற்ற வரிகள் எல்லாம் இருந்தும் பயனில்லை.

கதவைத் திறந்து விடுவது

இதற்கு நேர் எதிர்முனை இங்கிலாந்து போன பாதை. 1987இல் அங்கே அலுவலகம், ஆராய்ச்சி, குடியிருப்புப் பகுதியிலும் நடத்தக்கூடிய இலகுரகத் தொழில் மூன்றையும் பி1 என்ற ஒரே வகுப்பில் சேர்த்தார்கள். ஒரு வகுப்புக்குள் மாறிக்கொள்ள அனுமதி தேவையில்லை. நியாயமான காரணம் இருந்தது. புதிய வகை நிறுவனங்கள் ஒரே கூரையின் கீழ் மூன்றையும் செய்தன. 2020 செப்டம்பர் 1 முதல் அந்த பி1ஐயும் கலைத்து, கடை, உணவகம், உடற்பயிற்சிக்கூடம் எல்லாவற்றோடும் சேர்த்து இ என்ற ஒரே பெரிய வகுப்பில் போட்டுவிட்டார்கள். பொதுத் தொழிலும், அதாவது இலகுரகத்தில் அடங்காத உற்பத்தியும், கிடங்கும் மட்டும் தனி வகுப்புகளாக நிற்கின்றன.

நெகிழ்வு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. காலியாகக் கிடக்கும் கட்டடம் யாருக்கும் நல்லதில்லை. ஆனால் இந்த நெகிழ்வு நடைமுறையில் ஒரு பக்கமாகவே சாயும். சட்டம் இரு திசையிலும் போக விட்டாலும், மேலே சொன்ன தரையும் கூரையும் ஒரு திசையில்தான் போக விடும். அலுவலக வாடகை எப்போதும் குறைவாகவே இருக்கும் இடத்தில் இது தீங்கில்லாத விதி. நகரம் நெருங்கி வரும் இடத்தில் இதை எழுதினால் பூங்காவின் பெயரில் மட்டும்தான் தொழில் மிஞ்சும்.

அலுவலகத்தின் வகையைப் பார்த்து அனுமதிப்பது

தொழிலுக்குச் சேவை செய்யும் அலுவலகம் சரி, பொதுமக்கள் வந்துபோகும் அலுவலகம் கூடாது என்று வகைபிரிப்பது கேட்க நன்றாக இருக்கும். பொறியியல் ஆலோசகர், சரக்கு அனுப்பும் முகவர், சோதனைக்கூடம் இவர்கள் பூங்காவில் இருப்பதால் பட்டறைகளுக்கே லாபம். வங்கிக் கிளையோ காப்பீட்டு அலுவலகமோ அங்கே இருக்கத் தேவையில்லை. கொள்கையாக எனக்கு ஒப்புதல்தான்.

ஆனால் சொல்லை வளைப்பது சுலபம். 1990களின் கடைசியில் சான் பிரான்சிஸ்கோவில் இணைய நிறுவனங்கள் ‘வணிகச் சேவை’ என்ற வகைப்பாட்டின் கீழ் பழைய தொழிற்பகுதிகளில் நுழைந்தன. அலுவலகத்துக்கான கட்டுப்பாடுகள் அவற்றின் மேல் விழவில்லை. உற்பத்தி, விநியோகம், பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கென்று தனி வட்டாரங்களை அந்த நகரம் 2008இல்தான் கொண்டுவந்தது. வகை பார்க்கும் விதிக்கு இன்னொரு சுமையும் உண்டு. குத்தகைதாரர் மாறும்போதெல்லாம் மறுபடி பார்க்க வேண்டும். அதற்கு ஆள் இல்லாத ஊரில் இந்த விதி ஏட்டில்தான் இருக்கும்.

அலுவலகத்துக்கு உச்ச அளவு வைப்பது, அதாவது ஒரு நிறுவனத்துக்கு இவ்வளவு சதுர மீட்டருக்கு மேல் கூடாது என்பது, தனியாக நிற்கக்கூடிய வழியே இல்லை. ஐந்து சிறிய நிறுவனங்கள் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் கணக்கு முடிந்தது. மற்ற விதிகளோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.

விளிம்பும் உள்பகுதியும்

இப்போது நான் முன்வைக்கும் வழிக்கு வருகிறேன். இதற்கு முன்மாதிரிகள் நிறைய உண்டு. அதே ஜெர்மன் ஆணையின் 8ஆம் பிரிவு இலகுரகத் தொழிலும் வணிகமும் கலந்த பகுதிக்கானது. அங்கே அலுவலகக் கட்டடம் வெளிப்படையாக அனுமதிக்கப்படுகிறது. 9ஆம் பிரிவுப் பகுதி அதற்கு அடுத்த கட்டம். இரைச்சல் விதியும் இந்தப் பிரிவினையோடு ஒத்துப்போகிறது: 1998இன் விதிப்படி 9ஆம் பிரிவுப் பகுதியில் இரவும் பகலும் 70 டெசிபல் வரை போகலாம், 8ஆம் பிரிவுப் பகுதியில் பகலில் 65, இரவில் 50. லண்டனின் 2011 பெருந்திட்டமும் முக்கியத் தொழிலிடங்களை இரண்டு வகையாகப் பார்த்தது. பொதுத் தொழிலுக்கும் கிடங்குக்கும் ஒரு வகை. ஆராய்ச்சியும் உயர்மதிப்பு உற்பத்தியும் செய்வோருக்குக் கொஞ்சம் நல்ல சூழலோடு தொழில் வணிகப் பூங்கா என்று இன்னொரு வகை. ஊழியர்கள் நடந்துபோய்ப் பயன்படுத்தும் சிறிய சேவைகளுக்கும், அதாவது சிற்றுண்டிக் கடை, குழந்தைக் காப்பகம் போன்றவற்றுக்கும் இடம் வைத்தார்கள்.

எங்கே விளிம்பு, எங்கே உள்பகுதி என்பதை நெதர்லாந்தின் 1988 கொள்கை தெளிவாகக் காட்டியது. ரயில் நிலையத்தை ஒட்டிய இடம் ஏ, நெடுஞ்சாலையை ஒட்டிய இடம் சி, நடுவில் பி. ஆட்கள் அதிகம் வரும் நிறுவனம் ஏ இடத்துக்கு, சரக்கு அதிகம் வரும் நிறுவனம் சி இடத்துக்கு. அருமையான யோசனை. ஆனால் நடைமுறையில் ஊர்கள் முதலீட்டுக்காக ஒன்றோடொன்று போட்டியிட்டு, நெடுஞ்சாலை ஓரத்திலும் அலுவலகங்களை விட்டன. ஒரு பூங்கா மட்டும் இறுக்கமாக இருந்து, அடுத்த பூங்கா எல்லாவற்றையும் விட்டால் விதி நிற்காது என்பதை அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். பக்கத்து ஊர்களோடு பேசாமல் இதை எழுதாதீர்கள்.

கோடு போடுவதில் சில நுணுக்கங்கள் உண்டு. பேருந்து நிற்கும் பிரதான சாலையின் ஓரத்து மனைகள் விளிம்பாகட்டும். கோடு சாலையின் நடுவில் போகக்கூடாது. மனைகளின் பின்சுவர் வழியாகப் போக வேண்டும். சாலை நடுவில் போட்டால் ஒருபக்கம் அலுவலகம், எதிர்ப்பக்கம் சரக்கு மேடை என்று ஆகிவிடும். எட்டரை மணிக் காட்சியை நாமே வரைபடத்தில் வரைந்த மாதிரி இருக்கும். லாரிக்குத் தனி வாசல் வேண்டும், அது விளிம்பு வழியாக வரக்கூடாது. ஒரே வாசல்தான் உள்ள பூங்கா என்றால் விளிம்பின் அளவை அந்த வாசல்தான் தீர்மானிக்கும்.

உள்பகுதியில் மேலே சொன்ன விழுக்காட்டு வரம்பு, அதுவும் சொந்த உற்பத்திக்குத் துணையான அலுவலகத்துக்கு மட்டும். விளிம்பில் அலுவலகம் தாராளமாக, ஒரே நிபந்தனையோடு: பின்பக்க இரைச்சலை அறிந்தே வருகிறார்கள், கண்ணாடியும் காற்றோட்டமும் அவர்கள் செலவில். இங்கிலாந்தின் தேசியத் திட்டக் கொள்கை 2018இல் இந்தக் கோட்பாட்டை எழுத்தில் சேர்த்தது: ஏற்கெனவே இயங்கும் தொழிலுக்குப் பக்கத்தில் புதிதாக வருபவர்தான் தடுப்பு ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும். இது இல்லையென்றால் புகார்களே உள்பகுதியை மெல்ல மெல்லச் சுருக்கிவிடும்.

இந்த வழி எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பத்துப் பன்னிரண்டு மனைகள் மட்டும் உள்ள சிறிய பூங்காவில் விளிம்பு, உள்பகுதி என்று பிரிக்க இடமே இருக்காது. அங்கே வரம்பு மட்டும் போதும். ஏற்கெனவே முக்கால்வாசி அலுவலகமாகிவிட்ட பூங்காவில் இறுக்கமான விதி போட்டுப் பயனில்லை. மிச்சமிருக்கும் பட்டறைகளுக்கு வேறு நல்ல இடம் தேடிக் கொடுப்பதுதான் அங்கே நேர்மை. சிகாகோ 1988இல் கிளைபோர்ன் பகுதியில் தொடங்கித் தொழிலுக்கான பாதுகாக்கப்பட்ட வட்டாரங்களை உருவாக்கியது. ஆற்றின் வடக்குக் கிளையோரத்தில் அந்தப் பாதுகாப்பை 2017இல் அதுவே எடுத்துவிட்டது. ஏறக்குறைய முப்பது வருடம் தாங்கியது என்பதும் உண்மை, நகரம் நெருக்கியபோது விலகியது என்பதும் உண்மை.

அப்புறம் அந்தக் காலி ஷெட். அது விளிம்பில் இருந்தால் அனுமதி கொடுத்துவிடலாம், யோசிக்கவே வேண்டாம். உள்பகுதியில் இருந்தால் என் பதில் இப்படி இருக்கும்: ஐந்து வருடத்துக்கு மட்டும். மேல்தளம் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். சரக்கு மேடையை மூடக்கூடாது, கிரேன் உத்திரத்தை அறுக்கக்கூடாது, உயர் மின் இணைப்பைத் துண்டிக்கக்கூடாது. காலம் முடிந்தபின் நீட்டிப்பு தானாக வராது. அப்போது மறுபடி பட்டறைக்கு விளம்பரம் கொடுத்து, ஆள் வரவில்லை என்று காட்டினால்தான் பேச்சு. இடத்துக்காரருக்கு இது கசக்கும், புரிகிறது. ஆனால் அந்த நான்கு போல்ட் துளைகளை சிமெண்டால் அடைக்காமல் விட்டால், இன்னொரு பிரஸ் மெஷின் வந்து அதே இடத்தில் உட்காரலாம்.